ஆள் தேவை

செக்காலை ரோட்டில், எவர்சில்வர் கடைக்கு மேலே
பத்துக்குப் பன்னிரண்டு, என் கணினிக் கடை.
ஏழு வருஷமாக ஒரு நோட்டு.
இடப்பக்கம், எந்த மெஷினில் எதை ஏற்றினேன் என்று.
வலப்பக்கம், ஞாயிறுதோறும் வேலைத் தளங்களில்
நான் எண்ணும் ‘ஆள் தேவை’.
காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது.
காரைக்குடியில் கடை போட்டால்
பேரேடு தொற்றிக்கொள்ளும்.

முதல் இரண்டு வருஷம்,
நூறு ஜன்னல் வைத்த வீட்டிலும்
விண்டோஸ்தான் கேட்டார்கள்.
ஹோட்டலாகிவிட்ட கானாடுகாத்தான் வீடு,
கல்லுக்கட்டி நகைக் கடை,
முத்துப்பட்டணத்துப் பல் டாக்டர்.
லைசென்ஸ் விலை சொன்னால் சிரிப்பார்கள்.
நானும் சிரித்துவிட்டு வேலையைப் பார்ப்பேன்.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வருவார்கள்,
அரசு கொடுத்த லேப்டாப்போடு.
“அண்ணே, இந்தப் பென்குயினை எடுத்துருங்க.”
எடுக்க முன்னூறு ரூபாய்.
நாற்பத்தோரு பென்குயின் அழித்த மாதம்
வலப்பக்கத்தைக் கூட்டிப் பார்த்தேன்:
சென்னையில், பெங்களூரில்
லினக்ஸ் தெரிந்தவனுக்குத்தான் அதிகம் ‘தேவை’.
நாற்பத்தோரு பேரின் சம்பளத்தை
முன்னூறு முன்னூறாக வாங்கிக்கொண்டு
துடைத்திருக்கிறேன்.

அப்புறம் செல்போன் வந்து
இடப்பக்கத்தை எழுத முடியாமல் செய்தது.
மீன் வெட்டுகிறவர் கையில் ஆண்ட்ராய்டு,
குருக்கள் மடியில் ஆண்ட்ராய்டு.
வலப்பக்கம், நம்ம ஊர் என்று தேடினால்
பூஜ்யம்.
கையில் இருப்பதற்கும்
கைக்கு வேலை வருவதற்கும்
என்ன சம்பந்தம் என்று
அன்றைக்கு ஒரு கேள்விக்குறி போட்டேன்.
இன்னும் இருக்கிறது, டீக்கறையோடு.

வள்ளிக்கண்ணு தேவகோட்டை.
சென்னையில் ஆறு வருஷம் நிரல் எழுதியவள்.
பதினோரு நிமிஷ வீடியோ அழைப்பில்
வேலை போனது.
ஹார்ட் டிஸ்க் மாற்றக் காத்திருந்தவள்
நோட்டைப் புரட்டினாள்.
“வலப்பக்கம் பாதி பொய், சேவுகண்ணே.
ஆள் எடுக்காத கம்பெனியும் விளம்பரம் போடும்,
வளர்றோம்னு காட்ட.”
ஏழு வருஷக் கூட்டல்.
பேனாவை மூடிக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்துத்தான்
புதுவயலிலிருந்து போன்.
சாத்தப்பன் ரைஸ் மில்லில் பில் வரவில்லை.
லாரி மூன்று நிற்கிறது.
இருவரும் ஸ்கூட்டரில் போனோம்.

கறுப்புத் திரை, பச்சை எழுத்து.
டாஸில் ஓடும் ஃபாக்ஸ்புரோ.
எழுதினவர் சிங்கப்பூர் போய்ப்
பேரன் எடுத்துவிட்டாராம்.
பில் நம்பருக்கு ஐந்தே கட்டம்.
தொண்ணூற்றொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத்
தொண்ணூற்றொன்பதோடு
நின்றுவிட்டது மில்.

தவிட்டுத் தூசியில் மூக்கை மூடிக்கொண்டு
தான் பிறக்கும் முன் எழுதிய வரிகளை
வரிவரியாக வாசித்தாள்.
மூன்று தடவை தும்மினாள்.
ஒரு தடவை, யாரையோ, மெச்சினாள்.
நாலரைக்கு டாட் மேட்ரிக்ஸ் கத்தியது:
ஒரு லட்சம்.

“திரும்ப எப்பம்மா நிக்கும்?”
“ஆறு கட்டம் போட்டிருக்கேன்.
உங்க கொள்ளுப்பேரன் காலத்துல.”
பதினெட்டாயிரம் கொடுத்தார்,
ஒரு சிப்பம் பொன்னியும்.

திரும்பும்போது சொன்னேன்,
“ஐந்தரைக் கட்டம் போட்டிருந்தா
வருஷா வருஷம் கூப்பிடுவாங்க.”
ஹெல்மெட்டுக்குள் சிரித்தாளோ என்னவோ.
கழனிவாசல் வரை பதில் இல்லை.

அன்றிரவு எழுதினேன்:
இடப்பக்கம், டாஸ், ஒன்று.
வலப்பக்கம், ஆள் தேவை, ஒன்று.
ஏழு வருஷத்தில் முதல்முறை
ஐந்தொகை நேரானது.
எழுதி முடிக்கும்போதே
வலப்பக்க ஒன்றை அடிக்க வேண்டியிருந்தது.
வேலைதான் முடிந்துவிட்டதே.

அவள் லேப்டாப்பை நேற்றுத் தந்தேன்.
எதை ஏற்றட்டும் என்று கேட்டேன்.
பென்டிரைவை அவளே செருகினாள்.
திரையில் பென்குயின்.
முன்னூறு ரூபாய் நீட்டினாள்.
எதற்கு என்று கேட்காமல்
வாங்கிக்கொண்டேன்.